மாதச் சராசரி வருமானம்

எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. வங்கியில் என்னுடைய கதிரைக்கு மெத்தையைவிடச் சில்லுகள்தான் முதலில் தேயும் என்று மனேஜர் பகிடி பண்ணுவார். அப்படிப்பட்ட என்னை மன்னார்க் கிளையில் கடன் மதிப்பீட்டுப் பகுதியில் போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மன்னார்த் தீவுக்குள் வந்து பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தன. போட் வாங்க, எஞ்சின் வாங்க, கடை போட என்று சனம் வரும். அவர்களுக்குக் கடன் கொடுக்கலாமா, கூடாதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

எங்கள் படிவம் நாலு பக்கம். அதில் இரண்டு கட்டங்களுக்குத்தான் உயிர் இருந்தது. ஒன்று, பிணையாக வைக்கிற காணியை அவசரத்துக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பது. மற்றது, கடன் கேட்பவரின் மாதச் சராசரி வருமானம். வருடம் முழுவதும் வருவதைக் கூட்டி, பன்னிரண்டால் பிரித்து, அந்தத் தொகை தவணையைவிடக் கூடவாக இருந்தால் பைல் போகும். மீதியெல்லாம் அலங்காரம்.

நான் தனியாகச் செய்து அனுப்பிய முதல் பைல் ஓலைத்தொடுவாயில் ஒரு குடும்பத்துக்கு. புருசனுக்கு போட் எஞ்சின் வேண்டும், மனைவியின் பெயரில் காணி. இரண்டு கட்டமும் அழகாக நிரம்பின. கடன் கிடைத்த அன்று அந்த மனுசி ஒரு பொதி கருவாட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லப் போய்விட்டாள். கந்தோர் முழுக்க மணம். மனேஜர் மூக்கைப் பொத்தினார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்ல முடியாது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து என் அண்ணா ஐஸ் ஆலை போடப் போகிறேன் என்று தொடங்கினார்.

நாங்கள் பேசாலை. அண்ணாவுக்கு இரண்டு போட் இருந்தது. ஐஸ் அப்போது வெளியில் இருந்து லொறியில் வரும். வந்து சேரும்போது பாதி தண்ணீர். ஊரிலேயே ஆலை இருந்தால் மீனை ஆறுதலாக வைத்து விற்கலாம், வியாபாரி சொல்கிற விலைக்குத் தலையாட்டத் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் பெரிய மெஷின், பெரிய காசு. எங்கள் கிளைக்கே விண்ணப்பம் போட்டார். சொந்தச் சகோதரம் என்பதால் அந்தப் பைலை நான் தொடக்கூடாது, வேறொருவர் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நாங்கள் இருக்கிற வீட்டின் உறுதிப் பத்திரம்.

அந்த வீடு என் பெயரில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் எனக்குச் சீதனமாக எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். சீதனம் தயாராக இருந்தது, மாப்பிள்ளைதான் வந்து சேரவில்லை. அண்ணாவும் அண்ணியும் மூன்று பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். எனக்கு முன் அறை. ஆக, மெஷின் அண்ணாவுக்கு, கையெழுத்து எனக்கு. தவணை தவறினால் ஆறு பேரும் தெருவில்.

மதிப்பீட்டாளர் வந்து வீட்டைச் சுற்றிப் படம் எடுத்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ரோட்டில் இருந்து எத்தனை அடி என்று அளந்தார். அரை மணித்தியாலத்தில் போய்விட்டார். கடற்கரைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு கிழமையில் கடன் சரி என்று கடிதம் வந்தது. ஒரு மாதத்துக்குள் நான் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணா சந்தோசத்தில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். சராசரி வருமானம் தவணையைவிடக் கூடத்தான் வந்தது. வேறு யாருடைய பைலாக இருந்தாலும் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். இதற்கு மட்டும் கை வரவில்லை. அந்தக் கடிதத்தை அலுமாரியில் வைப்பேன், எடுப்பேன், திரும்ப வைப்பேன். அண்ணி, "அது நைஞ்சு போகப்போகுது" என்றாள்.

தேத்தண்ணி நேரத்தில் மன்னார்ப் பட்டினத்துக்குள் காலாற நடப்பது என் பழக்கம். அப்படி நடந்தபோதுதான் புதிதாகத் திறந்திருந்த இஸ்லாமிய நிதிக் கம்பனியின் கிளைக்குள் நுழைந்தேன். திட்டம் ஒன்றும் இல்லை. இருப்புக்கொள்ளாமல் போனதுதான். அங்கே என் வேலையையே செய்கிற ஓர் அலுவலர் இருந்தார். என் வயது இருக்கும். முசலிப் பக்கத்து ஆள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, யுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர். நான் எந்த வங்கி என்று சொன்னதும் சிரித்தார்.

"வேவு பாக்க வந்தீங்களோ, மிஸ்?"

"இல்லை. ஒரு ஐஸ் மெஷினை எப்பிடிப் பாப்பீங்கள் எண்டு கேக்க வந்தனான்."

இரண்டு வழி சொன்னார். ஒன்று, கம்பனியே மெஷினை வாங்கி, தன் லாபத்தை வைத்து, மொத்த விலையை இன்றைக்கே சொல்லி, தவணைக்கு விற்கும். மற்றது, பங்கு சேரும். லாபத்தைப் பேசிக்கொண்டபடி பிரிப்பது, நட்டம் வந்தால் போட்ட காசின் அளவுக்கு அவரவர் சுமப்பது. கம்பனியின் பங்கை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக் கடைசியில் மெஷினை முழுக்க எங்களுடையதாக்கலாம்.

"முதலாவது வட்டிதானே, வேற சட்டை போட்டுக்கொண்டு வருது" என்றேன். எனக்கு வாய் நிற்காது.

அவர் கோபிக்கவில்லை. "அரைவாசிச் சனம் அப்பிடித்தான் சொல்லுது. எங்கட பைல்களும் கனக்க அதுதான். பங்கு எண்டா நாங்கள் யோசிப்பம். நட்டம் எங்களுக்கும் எண்டா, வடிவாப் பாக்கத்தானே வேணும்."

எங்கள் வங்கியில் எல்லோரும் கேட்பது, தோற்றால் எதை எடுக்கலாம் என்று. இந்த மனுசன் கேட்பது, தோற்குமா என்று. அந்த நேரம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை பைல் பார்த்தும் இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லையே என்ற எரிச்சல்.

வீட்டில் சொன்னேன். அண்ணா கண்ணை உருட்டினார். "நாங்கள் வேதக்காரர், மாதாகோயில் ஆக்கள். எங்களுக்கு ஏன் தரப்போறாங்கள்?"

"ஆருக்கும் குடுப்பாங்களாம். ஐஸ் எங்க போகுது எண்டுதான் கேப்பாங்களாம். கள்ளுத் தவறணைக்குப் போகக்கூடாதாம்."

"திருநாளுக்கு ஆக்கள் வந்து குடிக்க ஐஸ் கேட்டா?"

"அதை நீங்கள் அவரிட்டையே கேளுங்கோ."

ஆனால் பங்கு என்பதை அண்ணா என்னைவிடக் கெதியாகப் பிடித்துக்கொண்டார். "இதென்ன புதினம்? எங்கட போட்டில நடக்கிறதுதானே. போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கடல் தராட்டி ஒருத்தருக்கும் இல்லை. அந்தத் தம்பியை வரச் சொல்லு."

அந்தத் தம்பி வந்தார். ஒருநாள் இல்லை, நாலு நாள். விடிந்து போட்டுகள் கரைக்கு வருகிற நேரத்துக்குத் தன் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு கொப்பியோடு மணலில் நிற்பார். ஒவ்வொரு போட்டாகப் போய், இன்றைக்கு எவ்வளவு மீன் பட்டது என்று கேட்பார். நாலாம் நாள் பின்னேரம் வங்கிக்கு வெளியே என்னைக் கண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ். உங்கட ஊரில ஒருத்தருக்கும் மீன் படுறேல்ல. பிறகு ஆர் ஐஸ் வாங்கிறது? இதில பங்கு போடேலாது."

கொப்பியைப் பார்த்தேன். வரிசையாக எழுதியிருந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. கறிக்கு மட்டும். ஒன்றுமில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வரும்போல இருந்தது. எங்கள் கடற்கரையில் பிடிபட்டதை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. கண்ணூறு ஒரு பக்கம், நாளைக்கு எல்லோரும் அதே இடத்துக்கு வலையைக் கொண்டுவந்து விடுவார்கள் என்ற பயம் மறுபக்கம். போட்டுக்குள் மீன் துள்ளிக்கொண்டு கிடக்கும், கேட்டால் "ஒண்டுமில்லை, கறிக்குத்தான்" என்பார்கள். சொந்த மச்சான் கேட்டாலும் அதுதான் பதில். பக்கத்தில் நிற்கிறவனும் அதை நம்பமாட்டான். வெளியாள் மட்டும் நம்பிக் கொப்பியில் எழுதிக்கொள்வான்.

கொப்பியில் அண்ணாவின் போட் இலக்கமும் இருந்தது. நேரே வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"அண்ணா, உங்களுக்கு விசரா? காசு கேக்கிற ஆள் நீங்கள். உங்களிட்டக் கேட்டதுக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கறிக்குத்தான் எண்டு சொன்னனான்."

"எவ்வளவு பட்டது?"

சுற்றிப் பார்த்தார். வீட்டுக்குள் நின்றுகொண்டு சுற்றிப் பார்த்தார். "ஏழு பெட்டி. என்ன செய்ய, வாயில வந்திட்டுது."

கடிதத்தில் சொன்ன ஒரு மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. அண்ணா, "விடு பிள்ளை, பாங்க்தான் தாறன் எண்டு நிக்குதே, அங்கேயே போடுவம்" என்று தொடங்கிவிட்டார். எனக்கு இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனேன். மூன்றாம் நாள் அண்ணாவின் ஐஸ் செலவைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் வழி பிடிபட்டது. அப்படியே எழும்பி அந்தக் கம்பனிக்கு ஓடினேன்.

"மீனைக் கேக்காதேங்கோ. ஐஸைக் கேளுங்கோ. எத்தனை கட்டி வாங்கினவை, எவ்வளவு கரைஞ்சு வந்தது எண்டு கேளுங்கோ."

அடுத்த நாள் காலை நானும் லீவு போட்டுவிட்டு அவரோடு போய் நின்றேன். ஐஸ் என்று வாயெடுத்ததுதான் தாமதம், கடற்கரை முழுக்கக் கதைத்தது. மீனில் வாய் திறக்காதவர்கள் லொறிக்காரனைத் திட்டுவதற்குப் போட்டி போட்டார்கள். மூன்று கட்டி வாங்கினால் ஒன்றரைதான் மிஞ்சுகிறது, சூடு புகாத ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தும் காணாது, போன கிழமை இரண்டு பெட்டி சூடை மீன் பழுதாகிப் போனது. அலுவலருக்கு எழுதி எழுதிக் கை உளைந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். வீடு தப்பியது என்றே நினைத்தேன்.

அப்போது அவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "வருசம் முழுக்க இப்பிடித்தானோ வாங்குவீங்கள்?"

கேட்கப்பட்ட மனுசன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதெப்பிடி? வாடைக்காத்துத் தொடங்கினா இந்தக் கடல் கொந்தளிக்கும். நாங்கள் போட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெற்குக் கரைக்குப் போயிடுவம். கொண்டச்சிப் பக்கம் ஓலையால வாடி போட்டு இருப்பம். நாலு மாசத்துக்கு இங்க ஐஸ் வாங்க ஆள் இராது."

அலுவலர் கொப்பியில் பன்னிரண்டு கட்டம் கீறினார். எட்டுக் கட்டத்துக்குள் எண் எழுதினார். நாலு கட்டத்துக்குள் பூச்சியம் போட்டார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

எனக்கு முகம் எரிந்தது. வாடைக்கு வடகடல் மூடும் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. நத்தார் விடுமுறைக்கு அப்பாவிடம் போய், அந்த வாடிக் குடிலுக்குள் மண் கடிபடச் சோறு தின்ற பிள்ளை நான். அப்படியிருந்தும் அண்ணாவின் கணக்கைப் போட்டபோது பன்னிரண்டால் பிரித்தேன். படிவத்தில் வருமானத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது என்பதால் எனக்கும் ஒரே ஒரு மாதம்தான் தெரிந்தது. எங்கள் வங்கியில் தொடர்ந்து மூன்று தவணை தவறினால் அறிவித்தல் போகும். வாடை நாலு மாதம். நல்ல மாதங்களில் எடுத்து வைக்கலாமே என்று கேட்கலாம். தெற்குக்குப் போக எண்ணெய்ச் செலவு, வாடி போடச் செலவு, வலைக்குச் செலவு என்று எடுத்து வைத்ததெல்லாம் அந்த நேரத்தில்தான் கரையும். முதல் வருடமே வீடு போயிருக்கும்.

கடிதத்தின் கடைசி நாள் அண்ணா என்னைக் கூட்டிக்கொண்டு வங்கிக்கு வந்தார். கம்பனி கொழும்பில் கேட்டுவிட்டுத்தான் சொல்லும், அதுவும் சின்ன மெஷினுக்குத்தான் என்று தெரிந்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. என்னுடைய மனேஜர் என் முன்னால் பத்திரத்தை வைத்து, "உங்கட உறுதி சுத்தமான உறுதி" என்று பேனாவைத் தந்தார். நான் பேனாவைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"நான் போடமாட்டன், சேர்."

"ஏன்? எல்லாம் சரியாத்தானே இருக்கு."

"வாடைக்குச் சரியில்லை."

மனேஜர் கண்டிக்காரர். வாடையை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு நேரம் எடுத்தது. அண்ணாவுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஏதோ ஒரு மாதிரிச் சமாளிக்கலாம் என்று நின்றார். வெளியே வந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ பாங்க்காரியாக் கதைக்கிறியோ, தங்கச்சியாக் கதைக்கிறியோ?" அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் பேசாமல் இருப்பது எவ்வளவு சத்தமான விசயம் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

கம்பனி கடைசியில் சின்ன மெஷினுக்குப் பங்கு போட்டது. எட்டு மாதம் பங்குக் காசு, வாடைக்கு ஒன்றும் இல்லை. வீட்டு உறுதி கேட்கவில்லை. ஏமாற்றினால் பொறுப்பு என்று இரண்டு பிணையாட்கள் மட்டும் கேட்டார்கள். தவறணைக்கு ஐஸ் போகாது என்று எழுதியும் வாங்கினார்கள். மீன் நன்றாகப் பட்ட வருடங்களில் அவர்கள் எடுத்த லாபம் எங்கள் வங்கி வட்டியைவிடக் கூடத்தான். அண்ணா ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிக் காட்டுவார். சொல்லிக் காட்டுவதற்காவது என்னோடு பேசத் தொடங்கினார்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அண்ணாவின் ஐஸுக்காக இல்லை.

கையெழுத்துப் போட மறுத்த பிறகு வந்த வாடையில், ஒருநாள் அனுப்ப வேண்டிய தபால்கள் கிடந்த தட்டில் ஓர் அறிவித்தலைக் கண்டேன். ஓலைத்தொடுவாய் விலாசம். எஞ்சின் கடன். மூன்று தவணை தவறிவிட்டது, காணி மீது நடவடிக்கை எடுக்கப்படும். அலுமாரியைத் திறந்து பைலை எடுத்தேன். மாதச் சராசரி வருமானம் என்ற கட்டத்துக்குள் என் கையெழுத்து, வடிவான கையெழுத்து. என் வீடு என்று வந்தபோது ஒரு மாதம் தூக்கமில்லாமல் திரிந்தேன். இந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு ஐந்து நிமிசம் பிடித்திருக்காது. வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை.

அறிவித்தலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் போனேன். புருசன் தெற்கில் வாடியில் இருந்தான். அந்த மனுசி ஓடிவந்து கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"இருங்கோ மிஸ். நீங்கள்தானே எங்களுக்குக் கடன் எடுத்துத் தந்தனீங்கள்."

என்னால் இருக்க முடியவில்லை. நின்றுகொண்டே அறிவித்தலைக் கொடுத்தேன். வாசித்தாள். இரண்டாம் தடவையும் வாசித்தாள்.

"பிழை என்ர. நான் வாடையைப் பாக்காமல் எழுதினனான்" என்றேன்.

"சரியா எழுதியிருந்தா தந்திருப்பாங்களோ?"

"இல்லை."

"அப்ப எஞ்சினும் இராது" என்றாள். கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.

நான் கதிரையில் இருந்தேன். அறிவித்தலைத் திருப்பி, பின்பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் கீறினேன். பிறகு அந்தத் தாளோடு மனேஜரிடம் மூன்று தடவை சண்டை பிடித்தேன். மூன்றாம் தடவை தவணையை எட்டு மாதத்துக்கு மாற்றித் தந்தார், வட்டியைக் கூட்டித்தான். காணி தப்பியது. ஆனால் அதெல்லாம் அங்கே இருந்தபோது எனக்குத் தெரியாது. வெறும் கட்டங்கள்தான் இருந்தன.

"ஆனி மாசம் எவ்வளவு பட்டது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை மிஸ், கறிக்குத்தான்" என்றாள். பழக்கத்தில் வந்த பதில். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

அவள் எழும்பிப் போய் வாசலுக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினாள்.